வாசல் திறக்கும் முன்

நுழையும்முன்

புதிய வீட்டில் குடியேறுவோர் பொருள்களை இறக்கும் முன் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்ப்பர். அகலப்பட்டை இணைப்பும் வீட்டிற்கு ஒரு புதிய வாசலே. அதன் வழியே நாம் உலகிற்குச் செல்லலாம். உலகும் நம் வீட்டிற்குள் வரலாம். அந்த வாசலைத் திறக்கும் முன் வீட்டுக் கணினியை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பெங்களூரில் வாழும் ஒரு குடும்பத்தின் வழியாக அறிவோம்.

நாளை வருகிறார்கள்

அல்சூர் ஏரிக்கு அருகில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அப்பா பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆரணியிலிருந்து வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தவர். அக்காவும் நானும் இங்கேயே பிறந்தோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என எங்கள் நாள் நான்கு மொழிகளில் நகரும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினி உண்டு. இதுவரை அதற்கு இணைய இணைப்பு இல்லை. தேவைப்பட்டால் அம்மாவின் கைப்பேசியைப் பயன்படுத்துவோம். கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை அப்பா மகிழ்ச்சியோடு வந்தார்.

“சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொண்டார். நாளை காலை பத்து மணிக்கு இணைப்புக் கொடுக்க வருகிறார்கள்” என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் அக்கா மட்டும் யோசித்தாள்.

“அப்பா, இணைப்பு வரட்டும். ஆனால் நம் கணினி இன்னும் ஆயத்தமாகவில்லை. இன்று இரவுக்குள் சில வேலைகளை முடிக்க வேண்டும்” என்றாள்.

“கம்பியைச் செருகினால் போதாதா?” என்று கேட்டேன்.

“போதாது, தம்பி. அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்” என்றாள் அக்கா.

அதற்குள் தாத்தாவின் குரல் இருந்தது. தாத்தா ஆரணியில் பட்டு நெசவு செய்தவர். அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, அவர் சொன்ன கதைகளையும் தறியில் கழித்த நாள்களின் நினைவுகளையும் அப்பா நாற்பது ஒலிப்பதிவுகளாகச் சேமித்திருந்தார். பாவும் ஊடையும் எவை, நாடா எப்படி ஓடும் என்பதெல்லாம் தறியையே பார்த்திராத எனக்கு அந்தக் குரல் வழியாகத்தான் தெரியும். அப்பதிவுகளுக்கு வேறு நகல் எங்கும் இல்லை.

முதலில் நகல்

“எந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தாலும், முதல் வேலை காப்பு நகல் எடுப்பது” என்றாள் அக்கா. அதற்கு ஓர் எளிய விதியையும் கூறினாள். முக்கியமான கோப்புகள் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே, வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். வன்தட்டு பழுதாகலாம், சாதனம் திருடுபோகலாம், வீட்டில் மழைநீர் புகலாம். மூன்று பிரதிகளும் ஒரே நேரத்தில் அழிவது அரிது.

அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாங்கி வந்த வெளி வன்தட்டில் ஒரு நகலை அக்கா எடுத்தாள். என்னிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, “இதில் இன்னொரு நகலை நீ எடு. இதைச் சித்தப்பா வீட்டில் வைத்துவிடலாம்” என்றாள்.

நான் கோப்புகளை நகலெடுக்கச் செய்துவிட்டு, திரையில் ஓடிய கோடு நிறைந்ததும் பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினேன். சாதனத்தைப் பாதுகாப்பாக நீக்குவதற்கான கட்டளையைக் கொடுக்கவில்லை.

“முடிந்தது, அக்கா!”

“திறந்து கேட்டாயா?”

“நகலெடுத்தேனே!”

“திறந்து பார்க்காத நகலை நம்பக்கூடாது” என்று கூறி, அக்கா பென் டிரைவை மீண்டும் செருகினாள். ஒவ்வொரு கோப்பையும் திறந்தோம். முப்பத்தெட்டுப் பதிவுகள் ஒலித்தன. கடைசி இரண்டும் ஒலிக்கவில்லை. அவற்றின் பெயர் இருந்தது. அளவு சுழியம் என்று காட்டியது.

எனக்கு வியர்த்துவிட்டது. “எப்படி, அக்கா?” என்றேன்.

“கோடு நிறைந்தாலும் கணினி கடைசித் தரவுகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சற்றுத் தாமதமாக எழுதும். அதற்குள் பிடுங்கிவிட்டால் எழுதாமலேயே நின்றுவிடும். அதனால்தான் பாதுகாப்பாக நீக்கும் கட்டளை இருக்கிறது.”

மூலக் கோப்புகள் கணினியில் இன்னும் இருந்ததால் அவ்விரண்டையும் மறுபடி நகலெடுத்தோம். இம்முறை முறைப்படி நீக்கி, மீண்டும் செருகி, நாற்பதையும் கேட்டோம். நாற்பதாவது பதிவின் முடிவில் தாத்தா, “போதும்பா, நாளைக்குச் சொல்றேன்” என்கிறார். அதற்குப் பிறகு அவர் பேசாத நாள்களே வந்தன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

“எல்லாம் நகலெடுத்தாயிற்று. இனி என்ன?” என்றார் அப்பா.

“நம் கணினியில் இருப்பது விண்டோஸ் 10, அப்பா. அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் 11ஐ ஏற்கும் திறன் நம் பழைய கணினிக்கு இல்லை. ஆகவே லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவலாம். அது இலவசமாகக் கிடைக்கும், தொடர்ந்து புதுப்பிக்கவும்படும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே” என்று அக்கா விளக்கினாள்.

நிறுவுவதற்குரிய பென் டிரைவை அவளுடைய கணினி ஆசிரியை கொடுத்திருந்தார். நிறுவும்போது திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது: வன்தட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்திற்கு முன் நான், “முடிந்தது” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் வெளி வன்தட்டில் எடுத்த நகலிலும் இப்படிப் பிழை நேர்ந்திருந்தால், தாத்தாவின் இரண்டு பதிவுகள் இந்த இடத்தில் என்றென்றைக்குமாக மறைந்திருக்கும்.

காவல் அமைத்தல்

“இணையத்தில் தவறான எதையும் நாம் தொடாவிட்டால் ஆபத்து வராதுதானே?” என்று அம்மா கேட்டார்.

“எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது, அம்மா” என்றாள் அக்கா. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிளாஸ்டர் என்னும் புழு வகைத் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினி உரிமையாளர் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. குறைபாடுள்ள விண்டோஸ் கணினி காவலின்றி இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், அது உள்ளே புகுந்துவிடும். அக்குறைபாட்டைச் சரிசெய்யும் திருத்தம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பாதிக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்ட வான்னாக்ரை தீநிரலும் அவ்வாறே பரவியது. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. இரு நிகழ்வுகளிலும் பூட்டு முன்னரே கிடைத்தது. பலர் அதைப் பூட்டவில்லை.

அக்கா மூன்று காவல்களை அமைத்தாள்.

முதலாவது, தீச்சுவர். வெளியிலிருந்து அழைப்பின்றி வரும் தொடர்புகளைத் தடுக்கும் நிரல் இது. அமைப்புகளுக்குள் சென்று அது இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்தாள், இல்லாததால் இயக்கினாள்.

இரண்டாவது, தானியங்கிப் புதுப்பிப்பு. இணைப்புக் கிடைத்தவுடன் கணினி தானே திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளுமாறு அமைத்தாள்.

மூன்றாவது, தனித்தனிப் பயனர் கணக்குகள். நிரல்களை நிறுவும் உரிமை பெற்ற நிருவாகக் கணக்கு அப்பாவுக்கு. எங்கள் இருவருக்கும் பொதுக் கணக்குகள்.

“ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்றேன்.

“உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. நீ அறியாமல் ஒரு தீநிரலைத் திறந்துவிட்டால், உன் கணக்கிற்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவுதான் அதற்கும் கிடைக்கும். அதனால் கணினி முழுவதையும் அது எளிதில் கைப்பற்ற முடியாது. எனக்கும் அதே கணக்குத்தானே?” என்றாள்.

தமிழுக்கு ஓர் இடம்

இரவு ஒன்பது மணிக்கு அக்கா விசைப்பலகை அமைப்புகளைத் திறந்தாள். அங்கே மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 என்னும் முறையைத் தேர்ந்தெடுத்தாள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை இது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஆங்கில எழுத்துகளின் வழியே எண்ணாமல், தமிழ் எழுத்துகளாகவே எண்ணித் தட்டச்சு செய்யலாம்.

“அக்கா, இணைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்றேன்.

“வாசலைத் திறந்துவிட்டு, வெளியே போய் நம் மொழியில் பேசத் தெரியாவிட்டால் பாதிப் பயன்தான். 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி மதுரைத் திட்டம் என்னும் பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்வோரும் தமிழ் பயில வழி செய்கிறது. இவை நம்மைப் போன்றவர்களுக்காகவும்தான்” என்றாள்.

நான் முதன்முதலாகத் தட்டச்சு செய்த சொற்கள் மூன்று: பாவு, ஊடை, நாடா.

இழை வந்த நாள்

மறுநாள் காலையில் இணைப்புக் கொடுக்கும் இளைஞர் வந்தார். “கம்ப்யூட்டர் எல்லிதெ?” என்று கன்னடத்தில் கேட்டார். நான், “இங்கே, அண்ணா” என்றேன். அண்ணா என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல் ஆகையால் அவர் சிரித்தார்.

தெருமரத்தின் கிளைகளுக்கிடையே தொங்கிய கறுப்பு வடம் ஒன்றிலிருந்து மெல்லிய இழை எங்கள் வீட்டிற்கு வந்தது. அதனுள் இருப்பது செம்புக்கம்பி அன்று, கண்ணாடி. அக்கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி செல்லும் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டரே. நான் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசெல்ல முயன்றபோது அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். இழையில் செல்லும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று எண்ணிவிடலாகாது. இழையைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. மடித்தால் ஒளி வெளியே கசியும், கண்ணாடியும் உடையலாம்.

ஒளியை மின்குறிப்பாக மாற்றும் பெட்டியையும் திசைவியையும் கூடத்தின் நடுவே, உயரமான தட்டில் வைத்தோம். அவற்றைக் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைத்தால் கம்பியில்லா அலைகள் தடைபடும். மேசையில் நிலையாக இருக்கும் கணினியை மட்டும் வடத்தால் இணைத்தோம். மின்வெட்டு நேர்ந்தாலும் இணைப்பு நிற்காதிருக்க, திசைவிக்கு ஒரு சிறு மின்கலக் காப்பு வைத்தோம். மே மாத இடிமழையின்போது மின்செருகிகளைக் கழற்றிவிட வேண்டும் என்று அப்பா நினைவூட்டினார். இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பெட்டிக்கு மின்சாரம் தரும் கம்பி கடத்தும்.

அவர் சென்றதும் அக்கா திசைவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, உடன் வந்த பொதுக் கடவுச்சொல்லை மாற்றினாள். கம்பியில்லா இணைப்பிற்கும் வேறொரு நீண்ட கடவுச்சொல்லை அமைத்தாள். எங்கள் பெயரோ வீட்டு எண்ணோ அதில் இல்லை. பிறகு கணினி தன் திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளும் வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். அதுவரை வேறெந்தப் பக்கத்தையும் அக்கா திறக்கவிடவில்லை.

நாற்பது பதிவுகள்

தாத்தாவின் பதிவுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மெகாபைட். நாற்பதும் சேர்ந்து 1000 மெகாபைட். 2004ஆம் ஆண்டில் நம் நாட்டில் அகலப்பட்டைக்கு வகுத்த குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 256 கிலோபிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே அவ்வேகத்தில் நொடிக்கு 32 கிலோபைட் செல்லும். நாற்பது பதிவுகளும் செல்ல ஏறக்குறைய எட்டரை மணி நேரத்திற்கு மேலாகும். எங்கள் இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். கணக்கின்படி 80 நொடிகள் போதும்.

ஆரணியில் பாட்டியுடன் வசிக்கும் அத்தையின் கைப்பேசிக்கு, அவற்றை இறக்கிக்கொள்ளும் முகவரியை அக்கா அனுப்பினாள். சற்று நேரத்தில் அத்தை காணொளியில் அழைத்தார். பாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். இரண்டு ஆண்டுகளாகக் கேட்காத குரலை அன்று கேட்டார். முதல் பதிவில் தாத்தா, பட்டுநூலைப் பாவாக நீட்டுவதைப் பற்றிச் சொல்கிறார்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். பாவு நீட்ட விடியற்காலையில் தெருவில் இறங்குவோம். நூலின் ஒரு முனையை நான்தான் பிடித்திருப்பேன்” என்றார்.

“பாட்டி, அதையும் சொல்லுங்கள். நான் பதிவு செய்கிறேன்” என்றேன்.

அன்று மாலை நாற்பத்தொன்றாவது பதிவு எங்கள் கணினியில் சேர்ந்தது. நான் அதை இரு நகல்கள் எடுத்தேன். முறைப்படி நீக்கினேன். மீண்டும் செருகித் திறந்து, முழுவதும் கேட்டேன்.

தெரிந்து தெளிவோம்

• இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது.
• அகலப்பட்டைக்கான குறைந்தபட்ச வேகம் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட். 2013இல் 512 கிலோபிட். 2023இல் 2 மெகாபிட்.
• 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தைத் தொடங்கியபோது, அயல்நாட்டுடன் தரவுகளைப் பரிமாறத் தனியே செயற்கைக்கோள் இணைப்பை அமைத்துக்கொண்டது.
• இணையவழிப் பணமோசடிக்கு உள்ளானோர் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாக்கில் அமையும் நூல்
ஊடை – பாவின் குறுக்கே நெய்யப்படும் நூல்
நாடா – ஊடை நூலைச் சுமந்து தறியில் இருபுறமும் ஓடும் கருவி
அகலப்பட்டை – மிகுந்த தரவுகளை விரைவாகக் கடத்தும் இணைய இணைப்பு
திசைவி – ஓர் இணைப்பை வீட்டின் பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டி
தீநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்

இலக்கணக் குறிப்பு

வந்தவர் – வினையாலணையும் பெயர்
பாவும் ஊடையும் – எண்ணும்மை
பேசாத நாள்கள் – எதிர்மறைப் பெயரெச்சம்
வந்த நாள் – பெயரெச்சம்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இணைப்பு வருவதற்கு முன் அக்கா முதலில் செய்த வேலை
அ) தீச்சுவரை இயக்குதல் ஆ) காப்பு நகல் எடுத்தல் இ) கடவுச்சொல்லை மாற்றுதல் ஈ) விசைப்பலகையை அமைத்தல்

2. வெளியிலிருந்து அழைப்பின்றி வரும் தொடர்புகளைத் தடுப்பது
அ) திசைவியின் பெயர் ஆ) வன்தட்டு இ) தீச்சுவர் ஈ) விசைப்பலகை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு ________.
2. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் ________ பக்கம் அமைந்துள்ளன.
3. கண்ணாடி இழையில் செல்லும் லேசர் ஒளி ________ வகையைச் சேர்ந்தது.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. பென் டிரைவில் இருந்த இரண்டு பதிவுகள் ஏன் ஒலிக்கவில்லை?
2. பிள்ளைகள் இருவருக்கும் பொதுக் கணக்குகளை அமைத்ததன் காரணம் யாது?
3. பிளாஸ்டர், வான்னாக்ரை ஆகிய இரண்டுக்கும் பொதுவான செய்தி யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. காப்பு நகல் எடுப்பதற்கான விதியை விளக்கி, அவ்விதி ஏன் தேவை என்று எழுதுக.
2. “அந்த மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார்” எனப் பாட்டி கூறியது எதனை? அதனால் விளைந்த பயன் யாது?

உ. கணக்கிட்டு எழுதுக.

நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 25 மெகாபைட் அளவுள்ள ஒரு பதிவு செல்ல எத்தனை நொடிகள் ஆகும்?

ஊ. செயல்பாடு

உன் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம், அவர் ஊரிலிருந்து புறப்பட்ட நாளைப் பற்றிக் கேள். அவர் இசைவுடன் பத்து நிமிடங்கள் பதிவு செய். அதில் நீ அறியாத தமிழ்ச் சொற்கள் ஐந்தினைப் பொருளுடன் தமிழில் தட்டச்சு செய்து வகுப்பிற்குக் கொண்டு வா. பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்து, திறந்து கேட்டு உறுதி செய்தபின் தேதியைக் குறித்து வை.